சீட்டில் நாலாவது பெயர்

மாலை ஆறு மணிக்கு அவள் செபமாலையை எடுத்தால், அடுத்த அரை மணி நேரம் அந்த வீட்டில் நான் ஓர் ஆளில்லை. தேத்தண்ணி கேட்க முடியாது. ரேடியோ போட முடியாது. முற்றத்தில் லேண்ட்மாஸ்டர் மெசினைத் திருத்திக்கொண்டிருந்தால் இறுக்குகிற சாவி கீழே விழுகிற சத்தம்கூடப் பிழை. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஒரு பலகை, பலகையில் சின்ன விளக்கு. பாய் போடாமல் சீமெந்துத் தரையில் முழங்காலில் நிற்பாள். மணிகள் எல்லாம் உருண்டு முடிந்த பிறகு தன்னுடைய ஆட்களுக்காக மன்றாடுவாள். செத்துப்போன தகப்பன், தாய், தமையன் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நிமிடம். பிறகு காணாமல் போன புருசனுடைய சுகத்துக்கு. அது எப்போது முடியும் என்று சொல்ல முடியாது.

எனக்காகவும் கேட்பாள். கேட்பதில்லை என்று சொன்னால் பொய். எல்லாம் முடிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பும்போது என் பெயர் வரும். பாதிப் பெயர் தரையிலும் மீதிப் பெயர் நின்றுகொண்டுமாக.

ஆறு வருசம் இதை முற்றத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. அதிலும் பாதி இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில். தகப்பனும் தாயும் மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தார்கள். வன்னியிலும் இருக்க முடியாமல் என்னைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினார்கள். திரும்பி வந்தோம், திரும்பவும் ஓடினோம். எத்தனை தரம் என்று யாராவது கேட்டால் விரல் மடிக்கத் தொடங்கி இடையில் விட்டுவிடுவேன். எங்களோடு ஓடிய எல்லாருக்கும் இதே கதைதான், ஆகையால் இதைப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஓரிடத்தில் மூன்று மாதம் தொடர்ந்து இருந்தால் நெஞ்சு அடிக்கத் தொடங்கும். உள்ளங்கை வேர்க்கும். பிறகு எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவேன். நானாட்டானில் உழவு மெசினோடு ஒரு விதைப்புக் காலம் நின்றிருக்கிறேன். இலுப்பைக்கடவையில் கருவாட்டு வாடியில் இருந்திருக்கிறேன். தாராபுரத்தில் ஒரு வீடு கட்டி முடியும் வரை சீமெந்து குழைத்தேன். கூரை போடுகிற அன்று காலையில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு அம்மன் இருந்தாள். தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால், ஒரு மரத்தின் கீழே. வெளிக்கிட்ட அன்று பாத்திரம், பாய், கோழி எல்லாவற்றையும் எடுத்தவர்கள் அவளை எடுக்கவில்லை. அம்மன் தோட்டத்திலேயே நின்றுவிட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கும்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவளை நான் முதலில் கண்டது செட்டிகுளத்து முகாமில், சண்டை முடிந்த வருசம். எனக்கு அடுத்த கூடாரம். அந்த நாட்களில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று கழன்று போயிருந்தது. ஒரு மனிதர் காலையில் இருந்து பின்னேரம் வரை ஒரே சேர்ட்டை மடித்து மடித்து விரித்தார். ஒரு தாய் தண்ணீர் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வெறும் வாளியோடு திரும்பிப் போவாள். நான் கம்பி வேலியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். இவள் மட்டும் பின்னேரம் ஆறு மணிக்கு எங்கள் வரிசைப் பெண்களைக் கூட்டி வைத்துச் செபம் சொன்னாள். மாலை தொலைந்துவிட்டதால் வலை நூலில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அந்த அரை மணி நேரத்துக்கு அந்தப் பெண்களுடைய முகம் மனிதருடைய முகமாக இருக்கும். வெறும் வாளி கொண்டு திரும்புகிற தாய்கூடச் சரியான இடத்தில் சரியான சொல்லைச் சொல்வாள். நான் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பார்ப்பேன். அப்போதே பொறாமைதான். இவளுக்குத் தன்னிடம் உள்ளதைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்ற பொறாமை.

அவளுடைய புருசன் சண்டையின் கடைசி நாட்களில் மா வாங்க வரிசைக்குப் போனவர். வரிசையில் செல் விழுந்து வெடித்தது. இவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். கிடந்தவர்கள் எல்லாரையும் திருப்பிப் பார்த்தாள், அவர் இல்லை. காயக்காரரோடு உழவு மெசினில் ஏற்றினதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். கடைசி நாள் ஆமி பஸ்சில் ஏறினதைக் கண்டதாக இன்னொருவர் சொன்னார். அவ்வளவுதான் அவரைப் பற்றிக் கிடைத்தது.

முகாமில் இருந்து விட்ட பிறகு அவள் மன்னார்த் தீவில் தன் ஊருக்குப் போனாள். நான் நாலு திசையும் சுற்றிவிட்டுப் பல வருசம் கழித்து அவளிடம் வந்து நின்றேன். வாங்கோ என்றாள். கோயிலில் எங்களுக்குக் கலியாணம் எழுத முடியாது, முதல் புருசன் இறந்ததற்கு அத்தாட்சி வேண்டும். காணாமல் போன ஆட்களைப் பதிகிற கந்தோரில் இருந்து வந்தவர்கள் மரணச் சான்றிதழ் தரலாம், ஒரு கையெழுத்துத்தான் வேண்டும் என்றார்கள். அவள் பேனையைத் தொடவில்லை. "நான் கையெழுத்து வைச்சால் அவரை நான்தானே கொண்டது" என்று சொல்லி அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். என்னோடு இருக்கத் தொடங்கிய நாளில் இருந்து அவள் பூசையில் சுவாமி தருகிற நன்மை அப்பம் வாங்குவதில்லை. எல்லாரும் எழும்பிப் பீடத்தடிக்குப் போகும்போது கடைசி வாங்கில், கதவுப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். எனக்காக அவள் விட்டுக்கொடுத்தது அது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பின்னேரம் ஆறு மணியைத்தான் பெரிதாக எடுத்தேன்.

ஒருநாள் மன்னார் டவுனில் இருந்து ஓர் இளம் பிள்ளை வந்தாள். திரும்பி வந்து குடியிருக்கிற ஆட்களுடைய மன நலத்தைப் பற்றிக் கேட்டு எழுதுகிற வேலை. கதிரை போட்டுக் கொடுத்தோம். மனம் குழம்பினால் என்ன செய்வீர்கள் என்று முதலில் என்னிடம் கேட்டாள். நடப்பேன் என்றேன். எவ்வளவு தூரம் என்றாள். ரோட்டு முடிகிற வரைக்கும் என்றேன்.

"தலைமன்னாரிலை ரோட்டு முடிஞ்சு கடல் வந்திடும் தங்கச்சி. அதாலைதான் திரும்பி வாறவர்" என்றாள் என் மனைவி.

அந்தப் பிள்ளை சிரித்தாள். என் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதே கேள்விக்கு என் மனைவி செபத்தைப் பற்றிச் சொன்னாள். ஆறு மணிக்கு முழங்காலில் நிற்பதையும், நின்றால் நித்திரை வருவதையும் சொன்னாள். அந்தப் பிள்ளை நாலு வரி எழுதி அடியில் கோடு போட்டாள். தலைகீழாக இருந்தாலும் நான் வாசித்துவிட்டேன். "நல்ல பலம்" என்று எழுதியிருந்தது. பரீட்சையில் பக்கத்து வாங்குப் பிள்ளைக்குச் சரி போட்டதைப் பார்த்தது போல் இருந்தது எனக்கு.

சீட்டு வந்தது ஒக்டோபர் கடைசியில். ஒவ்வொரு வருசமும் வருகிறதுதான். நவம்பர் இரண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாள். அதற்கு முன்னர் கோயிலைப் பார்க்கிற மூப்பர் வீட்டுக்கு வீடு ஒரு சீட்டுக் கொடுப்பார். அந்த வீட்டில் மரித்தவர்களின் பெயரை எழுதிக் கோயில் பெட்டியில் போட வேண்டும். அன்று பின்னேரம் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், எல்லாருக்கும் முன்னால் அவற்றை வாசிப்பார்கள். நான் அந்தக் கோயில் ஆள் இல்லை என்றாலும் சீட்டு எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நல்லது. முகாம் பள்ளிக்கூடத்தில் என்னைப் பாராட்டியது அதற்கு மட்டும்தான்.

அவள் முற்றத்தில் வலையில் இருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். தகப்பன் பெயரைச் சொன்னாள், எழுதினேன். தாய், எழுதினேன். தமையன், எழுதினேன். வேறு யாராவது என்று கேட்டேன். வேறு யார் என்று நண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நாலாவது பெயரை நான் எழுதினேன்.

கோபத்தில் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன்.  செத்தவர்களுக்கு ஒரு நிமிடம், காணாமல் போனவருக்கு முடிவே இல்லை என்று கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே கேட்க ஒரு தரம் வாசித்துவிட்டால் அழுவாள், அழுது முடிப்பாள், பிறகு கந்தோர்க் கடதாசியில் கையெழுத்து வைப்பாள், கோயிலில் கலியாணம் எழுதலாம், நன்மை வாங்கலாம், எல்லாம் அவளுடைய நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அன்று கை முழுக்க நண்டுத் தண்ணீர். மடித்துத் தாருங்கோ என்றாள். சட்டைக் கழுத்துக்குள் நானே சொருகிவிட்டேன். அவளே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள்.

சேமக்காலை கடல் பக்கம். வாடைக்காற்றுத் தொடங்கியிருந்தது. எல்லாக் கல்லறையையும் கழுவி, கடதாசிப் பூ கட்டி, மெழுகுதிரி அணையாமல் சிரட்டை வைத்து மறைத்திருந்தார்கள். கல்லறை இல்லாத ஆட்கள் நடுவில் உள்ள பெரிய சிலுவையடியில் நின்றார்கள். கடலில் போனவர்களுக்கும் வன்னியில் விட்டுவந்தவர்களுக்கும் அதுதான் இடம். அவள் அங்கே மண்ணில் மூன்று திரி நட்டாள். நான் மதிலோரம் நின்றேன்.

மூப்பர் மைக்கில் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு சனம் முழுக்க ஒரே குரலில் "இளைப்பாற்றி அருளும்" என்று சொல்லும். பெயர், இளைப்பாற்றி அருளும். பெயர், இளைப்பாற்றி அருளும். கொஞ்ச நேரத்தில் அது வலை இழுக்கிறபோது சொல்கிற சொல் மாதிரி ஆகிவிடும், வாய் தானாகச் சொல்லும், காது பின்னால் வரும். எங்கள் வீட்டுச் சீட்டு வந்தது. தகப்பன். தாய். தமையன். நாலாவது பெயர்.

அவளும் சொன்னாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன், அதனால் தெரியும். எல்லாரோடும் சேர்ந்து "இளைப்பாற்றி அருளும்" என்று சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெயர் அவளுடைய காதில் விழுந்தது. கையை எடுத்து வாயைப் பொத்தினாள்.

பிறகு மூப்பரிடம் போனாள். அந்தப் பெயர் பிழை, அவர் இதில் வரமாட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும், எனக்குக் கேட்கவில்லை. மூப்பர் சொன்னது மைக்கில் விழுந்து எல்லாருக்கும் கேட்டது.

"உன்ரை சீட்டிலை எழுதிக் கிடக்கே பிள்ளை."

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். கூட்டி வாசிக்கத் தேவை இருக்கவில்லை. அந்த ஊரில் அவ்வளவு வட்டமாக எழுதுகிறவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சோறு போட்டுத் தந்தாள். அடுத்த நாள் ஆறு மணிக்கு விளக்கைக் கொளுத்தி முழங்காலில் நின்றாள். மாலையைக் கையில் எடுத்தாள். முதல் மணியை விரலுக்குள் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு எழும்பி விளக்கை ஊதிவிட்டாள். வாய் வரவில்லை என்றாள். அதற்கடுத்த நாள் விளக்கைக் கொளுத்தவில்லை.

நான் கேட்டது கிடைத்தது. ஆறு மணிக்கு ரேடியோ போடலாம், சாவியை எங்கேயும் எறியலாம். ஆனால் அந்த மனிதர் போகவில்லை. காணாமல் போயிருந்தபோது அரை மணி நேரம் எடுத்தவர், செத்த பிறகு முழு நாளையும் எடுத்துக்கொண்டார். அவள் சாப்பிடுகிற கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் அவர் நின்றார். நண்டுக் கால் விரலைக் கிழித்தாலும் அவளுக்குத் தெரியவில்லை. கழுவின சட்டியைத் திரும்பக் கழுவினாள். ஒரு வாரத்தில் அவளுடைய உள்ளங்கை வேர்ப்பதைக் கண்டேன். அது என் நோய், எனக்கு நன்றாகத் தெரிந்த நோய். ஒருநாள் மீன் வாடியில் வேலை முடிந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது, ஆளில்லை. லேண்ட்மாஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். தலைமன்னார் ரோட்டில், வெயிலில், செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றாள். மெசினின் பின்பெட்டியில் ஏறி மீன் கூடைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு வந்தாள். முகாமில் சேர்ட் மடித்த மனிதருடைய கண் அவளுக்கு வந்திருந்தது. அங்கே எல்லாரும் அப்படி இருந்த காலத்தில் அப்படி ஆகாதவள் அவள். அந்த முகாம் செய்யாததை நான் ஒரு பேனையால் செய்திருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து செபம் சொல்ல வந்தார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

நான் சுவாமியிடம் போனேன். எனக்கு அவரோடு முன்பின் பேச்சில்லை. சின்ன வயதுச் சுவாமி, சாரத்தோடு கிணற்றடியில் நின்று வாளி கழுவிக்கொண்டிருந்தார். சேமக்காலையில் வாசித்த ஒரு பெயரை வெட்ட வேண்டும் என்றேன். எந்தப் பெயர் என்று கேட்டார், சொன்னேன்.

"அவர் உங்களுக்கு என்ன முறை?"

"என்ரை மனுசியின்ரை புருசன், சுவாமி."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வாளிக்குள் குனிந்தார். பிறகு கிணற்றுக் கட்டில் இருக்கச் சொன்னார். முழுக்கச் சொன்னேன். வாசித்த பெயரை அழிக்கிற பூசை என்று ஒன்று இல்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"இளைப்பாற்றி எண்டால் களைப்பு ஆறுறதுதானே. செத்தவருக்கு மட்டும் எண்டு ஆர் சொன்னது? அவர் உயிரோடை எங்கையும் இருந்தால் அண்டைக்குப் பின்னேரம் அவருக்குக் கொஞ்சம் களைப்பு ஆறியிருக்கும். அவவிட்டைச் சொல்லுங்கோ."

நீங்களே வந்து சொல்லுங்கோ சுவாமி, நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றேன். தான் சொன்னால் அது பிரசங்கம் ஆகிவிடும், எழுதின ஆள்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். கோயிலுக்கு வாறனீங்களோ என்று கேட்கவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. போகிற வழியில் அதற்காகவே அவரிலும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. அந்த மனிதருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சொல் கையில் இருந்தது.

அவள் குசினியில் இருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் தரையில் இருந்து சுவாமி சொன்னதைச் சொன்னேன். களைப்பு ஆறுவதைப் பற்றி, உயிரோடு இருக்கிறவருக்கும் அது போய்ச் சேரும் என்பதைப் பற்றி. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது சுவாமியின்ரை கதை" என்றாள். "நீங்கள் ஏன் எழுதினனீங்கள்?"

உன்னுடைய நன்மைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் வரவில்லை.

"பொறாமை" என்றேன்.

"அவரிலையோ?"

"அவரிலையும்."

"வேறை ஆரிலை?"

நான் சுவரைக் காட்டினேன். பலகையில் திரி கருகின விளக்கு இருந்தது. அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாதாவிலை பொறாமைப்பட்ட மனுசனை இப்பதான் காணுறன்" என்றாள்.

சிரிக்கவில்லை. ஆனால் மூன்று கிழமைக்குப் பிறகு அவளுடைய பழைய பேச்சு மாதிரி வந்த முதல் வசனம் அது. நான் விடாமல் பேசினேன். நீ முழங்காலில் நிற்கும்போது உன் முகம் வேறு மாதிரி இருக்கும், எனக்கு நடக்கும்போதுகூட அப்படி வருவதில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்றேன். இதையெல்லாம் நான் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மன நலப் பிள்ளையிடம்கூட.

அவள் அடுப்பில் இருந்து விறகை இழுத்து அணைத்தாள்.

"அண்டைக்கு என்ரை வாயும் சொல்லிப்போட்டுது. ஊரோடை சேர்ந்து சொல்லிப்போட்டுது. இப்ப அவற்ரை சுகத்துக்குக் கேட்க வாயைத் திறந்தால் முதல் அந்தச் சொல்தான் வருகுது. அதாலைதான் திறக்கேல்லை."

சிதறின தணலை நான் அடுப்புக்குள் தள்ளினேன்.

"நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். "அவருக்காக நீங்கள் கேளுங்கோ."

எனக்குச் செபம் தெரியாது என்றேன். ஆறு வருசம் முற்றத்தில் இருந்து கேட்டவருக்குத் தெரியாமல் இருக்காது என்றாள். விளக்கில் எண்ணெய் விட்டுக் கொளுத்தினாள். இன்னும் ஆறு மணி ஆகவில்லை, ஐந்து ஐந்தரை இருக்கும். அவள் முழங்காலில் நின்றாள். பக்கத்தில் நானும் நின்றேன். அந்தத் தரை அவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. முழங்காலில் மண் குத்தியது. மாலையை என் கையில் தந்தாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டேன். மணிகளை உருட்ட வேண்டாம், அவருக்கு மட்டும் கேளுங்கோ என்றாள்.

 யாரை விளித்துச் சொல்வது என்று தெரியவில்லை. படத்தைப் பார்த்தேன். அதில் மாதா என்னைப் பார்க்கவில்லை, கையில் உள்ள பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் உயிரோடை இருந்தால்" என்று தொடங்கினேன்.

"இருந்தால் எண்டு சொல்லாதேங்கோ."

அவள் கண்ணை மூடியபடியே சொன்னாள். நான் நிறுத்தினேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வேறு எப்படி அந்த வசனத்தைத் தொடங்குவது என்று யோசித்தேன். எட்டாம் வகுப்புத் தமிழில் இருந்ததெல்லாம் அந்தச் சொல்தான் போலிருந்தது. அவர் இருக்கிறார் என்று என் வாயால், என் வீட்டில், முழங்காலில் நின்று சொல்ல வேண்டும். பொறாமை அப்போதும் நெஞ்சில் அப்படியே இருந்தது. அதோடுதான் சொன்னேன்.

"அவர் இருக்கிறார். அவருக்கு நல்ல சாப்பாடு கிடைக்கட்டும். காயம் இருந்திருந்தால் ஆறட்டும். நடக்கிற ஆளாய் இருந்தால் எங்கையாவது ஓரிடத்திலை இருக்கட்டும்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு உதடு அசைந்தது. ஆமென் என்றாள். சத்தம் கரகரத்தது, ஆனால் வந்தது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், சரியாக வருகிறதா என்று பார்க்கிறவள் போல.

"நாளைக்கும் நீங்கள்தான்" என்றாள். "ஆறு மணிக்கு நில்லுங்கோ. எங்கையும் போகாதேங்கோ."

ஓம் என்றேன்.